ஒரு வாரம் மூத்தவள்

ஜோசப் கிளார்க் என்பவர் டப்ளின் நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். பிறந்த குழந்தையைத் தராசில் வைப்பதும் தலையைச் சுற்றி நாடா பிடிப்பதும் இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கிற காரியம். 1780களில் அப்படி மெனக்கெட்டவர்கள் மிகக் குறைவு. கிளார்க் மெனக்கெட்டார். ஆண் குழந்தைகள்தான் அதிகமாகச் செத்துப் பிறக்கின்றன, பிறந்த சில நாட்களில் போய்விடுவதும் அவைதான் அதிகம். மருத்துவமனைப் பதிவேட்டில் கண்ணுக்குத் தெரிந்த இந்த உண்மைக்கு அவர் காரணம் தேடினார். அளந்து பார்த்ததில் ஆண் குழந்தைகள் கொஞ்சம் கனமாக இருந்தன. தலையும் கொஞ்சம் பெரிது. பெரிய தலை வெளியே வர நேரமாகிறது, அதில் அடிபடுகிறது என்று முடிவுக்கு வந்தார். 1786இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அவர் சொன்னதில் பாதி இன்றைக்கும் நிற்கிறது. 2003இல் டப்ளின் மகப்பேறு மருத்துவர்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைச்சன் பிரசவங்களைத் திரும்பிப் பார்த்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். எல்லாம் மாதம் நிறைந்து, தானாக வலி கண்ட பிரசவங்கள். வயிற்றில் இருந்தது ஆண் குழந்தை என்றால் வலி நீண்டது. ஆயுதம் போட்டு எடுத்ததும் சிசேரியனுக்குப் போனதும் கூடுதல். லேபர் வார்டில் பிரசவம் இழுத்துக்கொண்டே போனால், "பையனாத்தான் இருக்கும்" என்று ஆயாம்மாக்கள் சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை போலிருக்கிறது.

மறுபாதிக்குத்தான் தலை உதவவில்லை. ஆறரை மாதத்தில் எண்ணூறு கிராம் எடையில் பிறக்கும் குழந்தையின் தலை எந்தத் தாயின் இடுப்பிலும் சிக்காது. அதிலும் பல குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன, அந்தப் பாதையில் அவை இறங்குவதே இல்லை. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் அங்கேதான் பெரிதாக இருக்கிறது. அமெரிக்காவில் 1991 முதல் 1993 வரை 501 முதல் 1500 கிராம் வரையிலான எடையில் பிறந்த 6,680 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆண்களில் 22 சதவீதம் இறந்தன, பெண்களில் 15 சதவீதம். நுரையீரல் நோயும் மூளைக்குள் ரத்தக் கசிவும் ஆண்களுக்கே கூடுதல். நம்மூரில் "பொட்டப்புள்ளைக்கு உயிர் கெட்டி" என்று சலிப்போடு சொல்லும் ஒரு வழக்கு உண்டு. சலிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவின் பதிவேடுகளும் அதையேதான் சொல்கின்றன.

அது எவ்வளவு கெட்டி என்பதை 2008இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கர்ப்பத்தின் 22 முதல் 25 வாரங்களுக்குள் பிறந்த 4,446 குழந்தைகள், 19 அமெரிக்க மருத்துவமனைகள். அவ்வளவு சீக்கிரம் பிறக்கிற குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தருவதா வேண்டாமா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசும்போது, அதுவரை மருத்துவர்கள் பெரும்பாலும் வாரக் கணக்கை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாரம் மட்டும் போதாது, இன்னும் நான்கு விஷயங்கள் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன என்றது இந்த ஆய்வு. பிறப்பு எடை, ஒற்றைக் குழந்தையா இரட்டையா, தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்பவை மூன்று. நான்காவது, குழந்தை ஆணா பெண்ணா என்பது. பெண்ணாக இருப்பதால் கிடைக்கும் அனுகூலம், கருப்பையில் கூடுதலாக ஒரு வாரம் இருந்ததற்கு ஏறக்குறைய சமம். 24 வாரத்தில் பிறந்த பெண் குழந்தையின் கணக்கு, 25 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தையின் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அந்த வயதில் ஒரு வாரம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

எல்லாப் பிறப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பிறப்புகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், செத்துப் பிறந்த ஆண் சிசுக்கள் ஆயிரத்துக்கு 6.23, பெண் சிசுக்கள் 5.74. ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல் ஆபத்து என்று சொன்னால் பகீரென்கிறது. ஆயிரம் பேருக்கு அரைக் குழந்தை வித்தியாசம் என்றால் அளவு புரிகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். பையன் என்று தெரிந்தவுடன் கலங்குவதற்கு இதில் எதுவும் இல்லை. கர்ப்பத்தில் சிக்கல் வரும்போதுதான் இந்தச் சின்ன வித்தியாசம் தலைதூக்குகிறது.

சரித்திரத்திலும் இது ஒரே சீராக இருந்ததில்லை. பதினைந்து வளர்ந்த நாடுகளின் பழைய பதிவேடுகளை வைத்து 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1751 வாக்கில் ஆண் சிசு இறப்பு பெண் சிசு இறப்பைவிடப் பத்து சதவீதம்தான் அதிகம். 1970 வாக்கில் அது முப்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. மருத்துவம் வளர வளர ஆண் குழந்தைகளின் நிலை மோசமானதா என்று கேட்கத் தோன்றும். அப்படி இல்லை. அம்மையும் பேதியும் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் அந்தச் சாவுகளைக் குறைத்தன. மிச்சம் நின்றது குறைப்பிரசவமும் பிரசவக் கோளாறுகளும். ஆண் பிள்ளை பின்தங்கும் இடம் அதுதான். 1970க்குப் பிறகு சிசேரியனும் என்ஐசியுவும் அந்த மிச்சத்தில் கை வைத்தன, இடைவெளி மறுபடி சுருங்கியது.

இனி காரணத்துக்கு வருவோம். முதல் இடம் நுரையீரல்.

1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயரிட்டார்கள். ஐந்தரை வாரம் முந்திவிட்ட பிறப்பு. எடை ஏறத்தாழ 2.1 கிலோ. இன்றைக்கு ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்த எடையும் வாரமும் பெரிய கவலை தருவதில்லை. பேட்ரிக் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சுக்குத் திணறத் தொடங்கினான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், காற்றழுத்தம் கூட்டப்பட்ட அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். உலகத்திலேயே அதிகாரம் மிக்க தகப்பனால் அவனுக்கு அதற்கு மேல் வாங்கித் தர எதுவும் இல்லை. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது.

அவனைக் கொன்ற நோயின் காரணம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே தெரிந்துவிட்டது. ஈரமான பாலிதீன் பையின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நுரையீரலின் காற்றுப்பைகளும் உள்ளே ஈரமானவை. ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஒட்டவிடாமல் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான கொழுப்புப் பூச்சு. மூச்சுத்திணறலில் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பூச்சு இல்லை என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்தும் கையில் மருந்து இல்லாத காலத்தில் பேட்ரிக் பிறந்தான். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்து ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா வெற்றி கண்டது 1980இல்.

பேட்ரிக் பெண்ணாகப் பிறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. தனி ஒரு குழந்தையின் சாவை இப்படிப் புள்ளிவிவரத்தால் விளக்கக் கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்க்கும்போது, சர்ஃபாக்டன்ட் சுரப்பதில் ஆண் சிசு பின்தங்குகிறது. ஏவரியும் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு 1981இல் வந்தது. பனிக்குட நீரில் கலந்திருக்கும் நுரையீரல் கொழுப்புகளை அளந்ததில், பெண் சிசுவின் நுரையீரல் ஒரு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலாக முந்தி முதிர்கிறது என்று தெரிந்தது. 2008 ஆய்வு சொன்ன அந்த ஒரு வாரத்தை இதோடு அப்படியே பொருத்திப் பார்க்க ஆசைதான். அவ்வளவு எளிதாகப் பொருந்தாது, பிழைப்பு என்பது நுரையீரல் மட்டுமல்ல. இருந்தாலும் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

தாமதப்படுத்துவது ஆண் ஹார்மோன். எட்டாவது வாரம் வாக்கிலேயே ஆண் சிசுவின் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. உடலை ஆணாக வடிவமைப்பது அதன் வேலை. நுரையீரலில் அது வேண்டாத ஒரு காரியத்தையும் செய்கிறது. சர்ஃபாக்டன்டைச் சுரக்கும் செல்களுக்கு அருகில் வேறொரு வகைச் செல்கள் இருக்கின்றன. "சுரக்கத் தொடங்கு" என்ற சமிக்ஞையை அனுப்புபவை அவை. ஆண்ட்ரோஜன் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஆண் ஹார்மோன் அந்தச் சமிக்ஞையைத் தள்ளிப்போடுகிறது. இதை உறுதிசெய்ய ஒரு விசேஷ எலி உதவியது. பிறவியிலேயே ஆண்ட்ரோஜனை உணரும் ஏற்பி வேலை செய்யாத எலி அது. குரோமோசோமில் ஆண், ஹார்மோன் சுரந்தும் உடலுக்கு அது கேட்பதில்லை. அந்த எலிக்குட்டிகளின் நுரையீரல் பெண் குட்டிகளின் வேகத்தில் முதிர்ந்தது. ஆக, பின்தங்கல் ஒய் குரோமோசோமால் நேரடியாக வருவதில்லை, ஹார்மோனின் வழியாக வருகிறது.

இரட்டைக் குழந்தைகள் இதற்கு இன்னொரு சாட்சி. ஒரே தாய், ஒரே நாள், ஒரே பிரசவம். இஸ்ரேலில் எடை மிகக் குறைந்த இரட்டைகளை ஆராய்ந்து 2007இல் எழுதியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். இரண்டும் பெண்ணாக இருந்தால் மூச்சுத்திணறல் குறைவு. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் பெண்ணின் அனுகூலம் காணாமல் போய், அவளும் தம்பியின் நிலைக்கே வந்துவிடுகிறாள். பக்கத்தில் இருப்பவனின் ஹார்மோன் சவ்வுகளைத் தாண்டி வந்து சேர்கிறதோ என்பது அவர்கள் ஊகம்.

குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு நம் அரசு மருத்துவமனைகளில் "குழந்தைக்கு நுரையீரல் வளர ஊசி" என்று சொல்லிப் போடுகிறார்களே, அது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தது. கிரஹாம் லிகின்ஸ் ஆடுகளில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, உயிரோடு இருக்கக் கூடாத அளவு முந்திப் பிறந்தும் மூச்சு விட்டது. ராஸ் ஹோவியும் அவரும் சேர்ந்து 282 தாய்மாரிடம் அதைச் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். திட்டமிடாமல், தானாகவே முந்தி வலி கண்ட தாய்மாரில், ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 25.8 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. ஊசி போட்டவர்களிடத்தில் 9 சதவீதம்.

இங்கே ஆண்–பெண் விவகாரம் ஒரு தப்பான பாதையில் கொஞ்ச காலம் நம்மை இழுத்துப் போனது. 1981இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றில் டெக்சாமெத்தசோன் ஊசியின் பலன் பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம்தான் தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. அப்படியானால் வயிற்றில் பையன் இருக்கிற தாய்க்கு ஊசி வீண்தானா? பிறகு நடந்த பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இரு பாலாருக்குமே பலன் இருப்பது உறுதியானது. ஒரு சோதனையின் முடிவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டில் இப்படி ஏதேனும் தென்படும். அதை நம்பி ஆண் சிசுவின் தாய்க்கு ஊசியை மறுத்திருந்தால், அதிகம் தேவைப்படுகிறவனுக்கே அது கிடைக்காமல் போயிருக்கும்.

நுரையீரலோடு கதை முடிந்திருந்தால் மருந்து கண்டுபிடித்தவுடன் வித்தியாசமும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கருப்பைக்குள்ளேயே, மூச்சு விடத் தேவையே இல்லாத காலத்திலேயே ஆண் சிசு இறப்பது ஏன் என்பதற்கும் நுரையீரலில் பதில் கிடையாது. என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் நஞ்சுக்கொடி.

நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பாக நினைப்பது பலருடைய பழக்கம். பிரசவம் முடிந்தபின் "நஞ்சு விழுந்துவிட்டதா?" என்று கேட்டுப் புதைத்துவிடுகிற ஒன்று. அதன் பெரும்பகுதி குழந்தையுடையது. கருமுட்டையிலிருந்து குழந்தையோடு சேர்ந்தே வளர்வது. குழந்தை ஆண் என்றால் அதன் செல்களிலும் எக்ஸ், ஒய். பெண் என்றால் இரண்டு எக்ஸ். வெகுகாலம் ஆய்வுக்கூடங்களில் நஞ்சுக்கொடித் துண்டுகளை எடுத்துச் சோதித்தவர்கள் அது ஆண் குழந்தையுடையதா பெண் குழந்தையுடையதா என்று குறித்துக்கூட வைக்கவில்லை. தாயிடமிருந்து உணவும் ஆக்சிஜனும் எவ்வளவு வாங்குவது, தாயின் மன அழுத்த ஹார்மோனில் எவ்வளவை உள்ளே விடுவது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் உறுப்பு அது. அங்கே ஆண்–பெண் வேறுபாடு இல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆஸ்திரேலியாவில் விக்கி கிளிஃப்டன் குழுவினர் வீசிங் தொந்தரவு உள்ள கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். 2003இல் வந்த முடிவு இது: இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுக்காத தாய்மாரின் வயிற்றில் இருந்த பெண் சிசுக்கள் எடை குறைந்து பிறந்தன. ஆண் சிசுக்களின் எடையில் மாற்றம் இல்லை. முதல் பார்வைக்கு இது ஆண் பலசாலி என்பது போலத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. தாயின் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி நஞ்சுக்கொடியில் உண்டு. பெண் சிசுவின் நஞ்சுக்கொடியில் அந்த நொதியின் வேகம் குறைந்திருந்தது; அதனால் கார்டிசால் உள்ளே வந்தது, வளர்ச்சி கொஞ்சம் நின்றது. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அறிந்து பெண் சிசு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ஆண் சிசு சுருக்கிக்கொள்வதில்லை, பழைய வேகத்திலேயே வளர்கிறது. தாய்க்கு மறுபடி ஒருமுறை கடுமையாக மூச்சிரைப்பு வந்தால்? சுருக்கி வைத்திருந்த பெண் சிசுவுக்கு அதைத் தாங்க இடம் இருக்கிறது. ஆணுக்கு இல்லை. வளர்ச்சி தடைபடுவது, குறைப்பிரசவம், வயிற்றிலேயே இறப்பது எல்லாம் அந்த இரண்டாவது அடியில் நேர்கின்றன என்று கிளிஃப்டன் 2010இல் எழுதினார்.

இதில் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இன்ஹேலர் எடுத்தவர்களிடம் பெண் சிசுவின் எடைக்குறைவு காணப்படவில்லை. மாசமாக இருக்கிறோம், மருந்து குழந்தையைப் பாதிக்கும் என்று பயந்து இன்ஹேலரை ஓரம்கட்டி வைக்கிற பெண்கள் நிறையப் பேர். குழந்தையைப் பாதிப்பது பெரும்பாலும் அடங்காத இரைப்புதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாத மருந்துகளில் அது முக்கியமானது.

ஹெல்சிங்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களின் பிரசவக் குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. குழந்தையின் எடையோடு நஞ்சுக்கொடியின் எடையையும் எழுதிவைத்த புண்ணியவான்கள். யோஹான் எரிக்சனும் டேவிட் பார்க்கரும் சகாக்களும் அதைப் புரட்டி 2010இல் சொன்னது: ஆண் குழந்தையின் எடைக்கு ஒப்பிட்டால் அதன் நஞ்சுக்கொடி பெண்ணுடையதைவிடச் சிறியது. சின்ன நஞ்சுக்கொடியைக் கொண்டே பையன் பெரிதாக வளர்ந்துவிடுகிறான், திறமைதான். ஆனால் ஊட்டம் குறைந்தால் சமாளிக்கக் கையிருப்பு இல்லை. கருப்பைக்குள் பையன்கள் ஆபத்தோடு விளையாடுகிறார்கள் என்ற பொருளில் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். ஆண் பலவீனமானவன் என்ற பழைய பேச்சைவிட எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. கிடைப்பதையெல்லாம் வளர்ச்சியில் போட்டுவிடுகிற உடம்பு நல்ல காலத்தில் கொழிக்கும், கெட்ட காலத்தில் முதலில் அடிபடும்.

இனி ஒரு முரண். கர்ப்பகாலச் சிக்கல்களில் நாம் மிகவும் அஞ்சுவது பிரீஎக்லாம்ப்சியா, அதாவது பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், வலிப்பு வரை கொண்டுபோகும் கோளாறு. அதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. மேலே சொன்னபடி பார்த்தால் சீக்கிரமே தொடங்கும் கடுமையான வகையில் ஆண் சிசுக்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் தகவலைச் சேர்த்து 2017இல் வெளியிட்டபோது வந்தது நேர் எதிர்: மாதம் நிறையும் முன்பே, அதிலும் 34 வாரத்துக்குள் பிரீஎக்லாம்ப்சியாவால் பிரசவித்தவர்களிடம் பெண் குழந்தைகளே கூடுதல்.

பெண் சிசு தாய்க்கு பிரஷரைக் கொண்டுவருகிறது என்று இதைப் படித்தால் மாமியார்கள் கையில் இன்னொரு ஆயுதம் கொடுத்ததாகிவிடும். இப்படியும் யோசிக்கலாம். நஞ்சுக்கொடி மிக ஆரம்பத்திலேயே மோசமாகப் பதிந்த கர்ப்பங்களில், ஆண் சிசுக்களில் பல பதிவேட்டுக்கு வரும் முன்பே கலைந்துபோயிருக்கலாம். அந்த ஆய்வில் எண்ணப்பட்டவை உயிரோடு பிறந்த குழந்தைகள் மட்டுமே. மோசமான சூழலைத் தாங்கி அதுவரை வந்தது பெண் சிசு. அதனால்தான் அவள் கணக்கில் தெரிகிறாள். எண்ணிக்கை எந்த வாரத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும். இந்தத் துறையில் வரும் செய்திகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இந்த விளக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. கருத்தரிப்பு முதல் பிறப்பு வரையிலான தகவல்களை ஸ்டீவன் ஓர்சாக் குழுவினர் 2015இல் தொகுத்தார்கள். நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்கள் சொன்னது போல ஆண் கருக்கள் அதிகமாக உருவாவதில்லை. தொடக்கத்தில் இரண்டும் சரிபாதி. முதல் வாரத்தில் ஆண் கருக்கள் கூடுதலாக இழக்கப்படுகின்றன. அதன் பிறகு பத்துப் பதினைந்து வாரங்களுக்குப் பெண் கருக்களின் இழப்பு அதிகம். 28 வாரத்துக்கு மேல் மறுபடி ஆண் சிசுக்கள். கடைசியில் நூறு பெண்ணுக்கு நூற்றைந்து ஆண் என்ற விகிதத்தில் பிறக்கின்றன. எல்லாக் கட்டத்திலும் ஆண்தான் நொந்தவன் என்ற சித்திரம் இதற்குப் பிறகு நிற்காது. யார் எப்போது பலவீனம் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

சிசு தாயையும் பாதிக்கிறது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு சில சதவீதம் கூடுகிறது. டொரோன்டோவில் ரவி ரத்னாகரன் குழுவினர் 2015இல் காட்டியபடி, அந்தத் தாய்மாரின் கணையத்தில் இன்சுலின் சுரப்பது சற்று மந்தம். மசக்கை முற்றி மருத்துவமனையில் சேரும் அளவுக்கு வாந்தி எடுக்கிற பெண்களுக்குப் பெண் குழந்தை பிறப்பது சற்றுக் கூடுதல் என்று ஸ்வீடன் பதிவேடு 1999இல் சொன்னது. இரண்டுமே அற்ப வித்தியாசங்கள். வாந்தியை வைத்துப் பிள்ளையைக் கணிக்கிற பாட்டிமார் இதைத் தங்கள் வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவர்களுக்கு ஏறக்குறைய அதே மதிப்பெண்தான் கிடைக்கும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் சிகிச்சை இன்றைக்கும் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று பிரியவில்லை. சர்ஃபாக்டன்ட், ஸ்டீராய்டு, தாய்ப்பால், கங்காரு முறை எல்லாம் இருவருக்கும் ஒன்றே. பையன் குறைமாதத்தில் இறந்துபோனால், "ஆம்பளப் புள்ளையத் தங்க வைக்கத் தெரியலையே" என்று தாயைக் குத்துகிற வாய்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: அந்தக் கூடுதல் ஆபத்து அவள் சாப்பிட்டதிலோ நடந்ததிலோ வந்ததல்ல, குழந்தை உருவான நாளிலேயே அதன் குரோமோசோமில் எழுதப்பட்டது. அந்தக் குரோமோசோமை, இந்த வீடுகளில் யாரும் குறை சொல்லாத அப்பா கொடுத்தார்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஸ்கேன் சென்டர் வாசலில் தொங்கும் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். 1994இல் இயற்றி 1996இல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். ஏன் இந்தச் சட்டம் என்பதைத் தமிழ்நாட்டுக்கு விளக்க வேண்டியதில்லை; சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. கருப்பையிலும் என்ஐசியுவிலும் உயிர் கெட்டியாக இருந்து தப்பித்தவளை வெளியே வந்தபின் மனிதர்கள் கொன்றார்கள். எனவே சட்டம் இருக்கட்டும். அதை ஆராய்ச்சியின் பெயரால் தளர்த்த வேண்டும் என்று யாராவது பேசினால் நான் எதிர்ப்பேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அது மருத்துவர் பார்க்கிற வளர்ச்சி வரைபடத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று வரைபடங்கள் இருக்கின்றன. நாக்பூரும் பங்கெடுத்த இன்டர்குரோத் ஆய்வு 2014இல் கொடுத்தவை அப்படிப்பட்டவை. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு அதே ஆய்வு கொடுத்தது ஒரே வரைபடம். இந்தியா உட்பட பத்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வோ, கருவிலேயே ஆண் சிசு பெண்ணைவிட ஏறத்தாழ நான்கு சதவீதம் கனமானது என்று காட்டியது. இரண்டையும் ஒரே கோட்டால் அளந்தால் என்ன ஆகும்? இயல்பாகவே சிறிய, ஆரோக்கியமான பெண் சிசு "வளர்ச்சி பத்தவில்லை" என்று குறிக்கப்படும். தாய் வாராவாரம் ஸ்கேனுக்கு அலைவாள், சிலசமயம் தேவையில்லாமல் முன்கூட்டியே பிரசவம் தூண்டப்படும். உண்மையிலேயே ஊட்டம் குறைந்துபோன ஆண் சிசு, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் "நார்மல்" என்று தப்பிவிடும். கையிருப்பு இல்லாமல் வளர்கிறவன் அவன்தான்.

அதனால்தான் அனுபவப்பட்ட மருத்துவர்கள் ஒரு நாள் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. இரண்டு, மூன்று வாரம் விட்டு மறுபடி எடுத்த ஸ்கேனில் சிசு தன் சொந்தக் கோட்டிலேயே ஏறுகிறதா, சரிகிறதா என்று பார்க்கிறார்கள். டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவே ஓட்டம் நின்றாலோ திரும்பினாலோ நஞ்சுக்கொடி தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதற்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டியதில்லை.